தோட்டத்துக்கு அடியில் மண் இல்லை

பழைய பங்களாக்கள் உறிஞ்சிய மழையைப் புதிய அடுக்குமாடிகள் தெருவில் கொட்டுகின்றன. பெங்களூர் தரும் பாடம்.

பெங்களூர் கன்டோன்மென்டின் பழைய குடியிருப்புகளில் ஒன்று ரிச்சர்ட்ஸ் டவுன். நடுவே பூங்கா. சுற்றிலும் மர நிழல் விழும் தெருக்கள். ஓட்டுக் கூரையும் தாழ்வாரமும் கொண்ட பங்களாக்கள் சில இன்னும் நிற்கின்றன. கூரையிலிருந்து விழும் மழை இவற்றின் தோட்டத்து மண்ணில் இறங்கும். மிஞ்சியதுதான் தெருவுக்கு வரும்.

இத்தகைய பங்களாக்கள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. இவற்றிலும் தோட்டம் உண்டு. விளம்பரத் தாளில் புல்வெளி பளபளக்கும். ஆனால் கார்களை நிறுத்துவதற்காக மனையின் பெரும்பகுதியைத் தோண்டி அடித்தளம் கட்டிவிடுகிறார்கள். பல இடங்களில் அந்தக் கான்கிரீட் தளத்தின் மேல் ஓரிரு அடி மண் பரப்பி நட்டதுதான் இந்தப் புல். மழைநீர் தளத்தைத் தொட்டதும் குழாய் வழியே வடிகாலுக்கு ஓடிவிடும். கண்ணுக்குத் தோட்டம், மழைக்கு மொட்டை மாடி.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 2022 செப்டம்பர் 4 இரவு பெங்களூரில் 131.6 மி.மீ. கொட்டியது. 60-க்கு 40 அடி மனை ஒன்றில் மட்டும் விழுந்தது சுமார் 29,000 லிட்டர். நகரின் கிழக்கே வெளிவட்டச் சாலையும் சொகுசு வில்லாக்களும் மூழ்கின. கம்ப்யூட்டர் நிபுணர்கள் டிராக்டரில் வேலைக்குப் போனார்கள். ஒன்றரை ஆண்டுதான். 2024 மார்ச்சில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றின. 12,000 லிட்டர் டேங்கர் தண்ணீருக்கு, 5 கி.மீ. தூரத்துக்குள் 1,000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகமே விலை நிர்ணயிக்க வேண்டியதாயிற்று. அன்று ஒரே இரவில் ஒரு மனையிலிருந்து ஓடியது ஏறக்குறைய இரண்டரை டேங்கர்!

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பெங்களூரில் 2009-இல், 40-க்கு 30 அடி மனையில் எழும் புதிய கட்டடங்களுக்கும் அது கட்டாயமானது. ஆனால் தொட்டி கட்டிக் காட்டுவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அது நிறைந்த பிறகு பெய்யும் மழை?

சிங்கப்பூர் அதையும் யோசித்திருக்கிறது. 2014 முதல், 0.2 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள புதிய கட்டுமானங்கள், பெருமழையின் உச்ச வேகத்தில் நீரை வடிகாலில் விடக் கூடாது. மனைக்குள்ளேயே தேக்கி, மெல்ல விட வேண்டும்.

இங்கே செய்யக்கூடியது பெரிய வித்தையல்ல. மனையின் ஒரு பக்கமாவது அடித்தளம் தோண்டாமல் மண்ணாக விட வேண்டும். பெரிய மரங்களுக்கும் அந்த இடமே வேண்டும். புல்வெளியை மேடாக்காமல், நடைபாதையைவிடச் சற்றுத் தாழ்வாக அமைத்தால் நீர் தங்கி ஊறும். கூரை நீரை வடிகட்டித் தொட்டிக்கும், தொட்டி வழிந்தால் ஊறுகிணற்றுக்கும் அனுப்பலாம். மூன்று நான்கடி அகலம், இருபது முப்பது அடி ஆழம், சிமென்ட் உறைகள். அஸ்திவாரத்திலிருந்து தள்ளித் தோண்டுவது நல்லது. வண்டிகளின் எண்ணெய் கலந்த நீர் மட்டும் கிணற்றுக்குள் போகக் கூடாது. இந்தக் கிணறுகளைக் கையால் தோண்டுவதில் தேர்ந்தவர்கள் பெங்களூரைச் சுற்றியுள்ள மண்ணு வட்டர் சமூகத்தினர். கப்பன் பூங்காவிலும் இத்தகைய கிணறுகள் வெட்டப்பட்டுள்ளன.

வீடு வாங்கப் போகிறவர்கள் நீச்சல் குளத்தையும் ஜிம்மையும் பற்றி விசாரிக்கிறார்கள். புல்வெளிக்கு அடியில் இருப்பது மண்ணா, கார் ஷெட்டா என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம். கோடையில் டேங்கருக்குப் பணம் கொடுக்கப் போவது அவர்கள்தான்.