தாய்ச்சி: நிதானமான அடிகள்



ஒருமுறை தவறி விழுந்த முதியோர் மறுபடி நடக்கவே அஞ்சுவதை நாம் அறிவோம். அவர்களுக்கு உதவும் ஒரு பயிற்சி, சீனாவின் தாய்ச்சி.

இது போர்க்கலையாகத் தோன்றியது. 19-ஆம் நூற்றாண்டில் யாங் லூச்சான் என்பவர் ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பத்தாரிடம் இதைக் கற்று, பெய்ஜிங்கில் போதித்தார். அவருடைய பேரன் யாங் செங்ஃபூ (1883–1936) துள்ளலையும் வேகத்தையும் நீக்கி, யாவரும் செய்யத்தக்கதாக்கினார்.

அவர் போதித்த பத்து நெறிகளில் ஒன்று, 'நிறைந்த' காலையும் 'வெறுமையான' காலையும் பிரித்தறிவது. உடலின் பாரத்தைத் தாங்கும் கால் நிறைந்தது, மற்றது வெறுமையானது. வெறுமையான காலையே எடுத்து வைக்கவேண்டும். அது தரையில் நன்றாக ஊன்றிய பின்னரே பாரத்தை மாற்றவேண்டும். இப்படி நிதானமாய்ப் பழகும்போது கால்கள் பெலப்படும், சமநிலை கைகூடும்.

தாய்ச்சி பழகும் முதியோரில் விழுவோர் ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு என்று ஆய்வுகளைத் தொகுத்த 2019-ஆம் ஆண்டு கோக்ரேன் அறிக்கை கூறுகிறது. தடுமாறுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டு, நாற்காலியைப் பிடித்தபடியே தொடங்கலாம்.