பூவுக்கு முந்திய வித்து

சிலாவத்துறையிலிருந்து மறிச்சுக்கட்டி வரை மன்னாரின் முசலிக் கரையில் பனையும் பாலையும் உடையும்தான். ஊசியிலை மரம் ஒன்றையும் காணமுடியாது. காற்றுத் தடுப்புக்கு நடும் சவுக்கு பைன் போலத் தெரிந்தாலும் அது பூக்கும் இனம். இலங்கைக்கென்று இயற்கையான ஊசியிலை மரமே கிடையாது. மலைநாட்டுப் பைன் தோப்புகள் மனிதர் நட்டவை.

ஆனால் படைத்தவன் இந்த மண்ணை எப்போதும் இப்படி வைத்திருக்கவில்லை. நமக்குத் தெற்கே வில்பத்துக் காட்டைத் தாண்டினால் புத்தளத்துக்குக் கிழக்கே தப்போவ வரும். அங்குள்ள பாறையில் 14 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட இலைகள் பதிந்து கிடக்கின்றன. சிவார்ட், ஹோல்ட்டம் என்ற இரு தாவரவியலாளர் 1922இல் அவற்றை ஆராய்ந்து எழுதினார்கள். பன்னங்களோடு ஊசியிலை மரங்களும் சைக்கஸின் தூரத்து உறவுகளும் அதில் உண்டு. இலங்கையும் இந்தியாவும் கொண்டுவானா என்ற பெருநிலத்தில் ஒட்டியிருந்த காலம் அது. மன்னார்க் கடலுக்கடியில் உள்ள பள்ளம் உருவானதும் அந்த நிலம் பிளந்தபோதுதான்.

ஊசியிலை மரங்களையும் சைக்கஸ் வகைகளையும் பள்ளிப் புத்தகம் வித்துமூடியிலிகள் என்கிறது. பூவும் இல்லை, பழமும் இல்லை. செதிலின் மேல் திறந்தபடி வித்து இருக்கும். உலகில் இன்று ஏறக்குறைய ஆயிரம் இனங்களே மிச்சம். பூக்கும் தாவரங்களோ சுமார் மூன்று இலட்சம். ஆயினும் ஆயிரத்துக்குள் எத்தனை கோலம்! நமீபியப் பாலைவனத்து வெல்விச்சியா ஆயுள் முழுக்க இரண்டே இலைகளோடு வாழ்கிறது. 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்தருகே நின்ற கிங்கோ மரங்கள் மறுபடி துளிர்த்தன.

என்னை அதிகம் நெகிழச் செய்வது சைக்கஸ்தான். இலங்கையின் வறண்ட தாழ்நிலங்களிலும் தமிழ்நாட்டிலும் இதன் ஓர் இனம் தானாகவே வளர்கிறது. சிங்களத்தில் மடு என்பார்கள். தமிழ்நாட்டு நாட்டுமருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று விற்பது சைக்கஸின் ஆண்கூம்புச் செதிலைத்தான், பெயரில்தான் பூ. பனையைப் போலவே இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. ஆண்கூம்பு முதிரும்போது தானே சூடேறி மணம் வீசும், வண்டுகள் வரும். பெண்மரத்தில் விழுந்த மகரந்தம் சூல்வித்துக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும். பிறகு அதிலிருந்து வெளிவரும் விந்து ஆயிரக்கணக்கான நுண்மயிர்களை அசைத்து, சூல்வித்துக்குள் ஊறிய ஒரு துளி நீரில் நீந்திப் போய் முட்டையைச் சேர்கிறது. மழையையும் ஆற்றையும் நம்பாமல், உயிர் பிறக்கத் தேவையான நீரைத் தன்னுள்ளேயே சுமக்கும் மரம்! ஜப்பானியரான இக்கெனோ 1896இல் இதைக் கண்டறிந்தார். இத்தனை நுட்பத்தை அந்தச் சிறு வித்துக்குள் வைத்தவனின் ஞானத்தை என்னவென்பது!

வேரிலும் ஓர் ஏற்பாடு உண்டு. பவளம் போல் கிளைத்து மேல்நோக்கி வளரும் வேர்களில் நீலப்பச்சை அல்கா குடியிருந்து காற்றின் நைதரசனை மரத்துக்கு உணவாக்கித் தருகிறது. சத்துக் குறைந்த மணலிலும் இது நின்று பிடிக்க அதுவும் ஒரு காரணம். வித்தில் நஞ்சு உண்டு. அதை யாரும் உண்ணக்கூடாது.

அழகுக்காக இதைக் காட்டிலிருந்து தோண்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அருகில் நின்ற ஆண்மரம் போய்விட்டால் பெண்மரம் எத்தனை ஆண்டு நின்றாலும் முளைக்கும் வித்துத் தராது. காட்டில் சைக்கஸைக் கண்டால் நின்ற இடத்திலேயே நிற்க விடுங்கள்.