செவிலியர் பட்டப்படிப்புகளுக்கான தன்விளக்கக் கட்டுரை

தன்விளக்கக் கட்டுரை என்பது, ஒரு படிப்பில் சேர விண்ணப்பிக்கும் மாணவர் அப்படிப்பைத் தேர்ந்தெடுத்த காரணத்தையும், அதற்குத் தம்மைத் தயார்செய்துகொண்ட விதத்தையும் தம் சொந்தச் சொற்களில் எழுதித் தரும் சிறு கட்டுரை ஆகும். இளநிலைப் படிப்புகளில் இது 'பர்சனல் ஸ்டேட்மென்ட்' எனவும், முதுநிலைப் படிப்புகளில் பெரும்பாலும் 'ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்', சுருக்கமாக எஸ்.ஓ.பி. எனவும் வழங்கப்படுகிறது. செவிலியப் படிப்புகள் பலவகைப்பட்டவை என்பதால் ஒரே கட்டுரை எல்லாவற்றுக்கும் பொருந்துவதில்லை. தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இருந்து விண்ணப்பிக்கும் மாணவர்களை மனத்தில் கொண்டு இக்கட்டுரை அதை விளக்குகிறது.

எங்கே தேவை, எங்கே தேவையில்லை

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கான மாணவர் சேர்க்கையை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பாட மதிப்பெண்களைக் கொண்டு தரவரிசை தயாராகிறது. இதற்குத் தன்விளக்கக் கட்டுரை எதுவும் எழுத வேண்டியதில்லை. எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களில் நுழைவுத்தேர்வே முடிவு செய்கிறது.

கட்டுரை தேவைப்படுவது பெரும்பாலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும், வெளிநாட்டு முதுநிலைப் படிப்புகளுக்கும், சில கல்வி உதவித்தொகைகளுக்கும்தான். அங்கே மதிப்பெண் ஓர் எல்லைக்கோடு மட்டுமே. அந்தக் கோட்டைத் தாண்டியவர்களில் யாரை நேர்முகத்துக்கு அழைப்பது என்பதில் கட்டுரைக்கும் பங்கு உண்டு.

படிப்புக்குப் படிப்பு மாறும் கேள்வி

இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் பொதுவான படிப்பு. மருத்துவம், அறுவை, குழந்தை நலம், மனநலம், மகப்பேறு, சமூக நலம் ஆகிய எல்லாவற்றையும் மாணவர் படிக்கிறார். சிறப்புத் துறையை எம்.எஸ்சி.யில்தான் தேர்ந்தெடுக்கிறார். பிரித்தானியாவில் முறை வேறு. அங்கு மாணவர் முதலாண்டிலேயே ஒரு துறையைத் தேர்ந்துகொண்டு சேர்கிறார். துறைகள் நான்கு: வயதுவந்தோர் செவிலியம், குழந்தைகள் செவிலியம், மனநலச் செவிலியம், அறிவுசார் குறைபாடு உடையோருக்கான செவிலியம். ஆகவே 'நான் செவிலியர் ஆக விரும்புகிறேன்' என்று மட்டும் எழுதுவது அங்கே பாதி விடைதான். ஏன் இந்தத் துறை என்பது மீதிப் பாதி.

இதில் நம் மாணவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. நான்காவது துறையின் ஆங்கிலப் பெயர் 'லேர்னிங் டிஸெபிலிட்டி'. நம் ஊரில் இந்தச் சொல் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளைக் குறிக்கவே பயன்படுகிறது. பிரித்தானியாவில் அது அறிவுசார் குறைபாட்டைக் குறிக்கும். பொருளை மாற்றிப் புரிந்துகொண்டு எழுதினால், விண்ணப்பித்த துறையே தெரியவில்லை என்று ஆகிவிடும்.

இரண்டாவது, மிட்வைஃபரி எனப்படும் பேறுகாலப் பராமரிப்பு. இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர் செவிலியராகவும் பேறுகாலப் பணியாளராகவும் சேர்த்தே பதிவு பெறுகிறார். பிரித்தானியாவில் அது தனிப் பட்டம், தனித் தொழில். அதற்கு எழுதும் கட்டுரையில் 'நல்ல செவிலியராக வருவேன்' என்று முடித்தால், தேர்வாளர் அதை வேறு படிப்புக்கு எழுதிய கட்டுரையாகவே எடுத்துக்கொள்வார்.

டிப்ளமோ செவிலியம் முடித்துப் பணியில் இருந்துகொண்டு மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர் 'ஏன் செவிலியம்' என்பதை நீட்டி எழுத வேண்டியதில்லை. எந்தப் பிரிவில் பணியாற்றினார், அங்கே எந்த இடத்தில் தம் அறிவு போதவில்லை என்று உணர்ந்தார், இந்தப் படிப்பு அதை எப்படி நிரப்பும் என்பதையே எழுத வேண்டும்.

பிரித்தானிய விண்ணப்பத்தின் அமைப்பு

பிரித்தானியாவில் இளநிலைப் படிப்புகளுக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் யூகாஸ் என்ற பொது அமைப்பின் வழியாகச் செல்கின்றன. 2026 சேர்க்கையிலிருந்து ஒரே நீள் கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன.

1. இந்தப் படிப்பை ஏன் படிக்க விரும்புகிறீர்கள்?
2. இதுவரை படித்த படிப்பு உங்களை எப்படித் தயார் செய்துள்ளது?
3. பள்ளிக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது ஏன் பயன்படும்?

மூன்று விடைகளும் சேர்ந்து இடைவெளி உட்பட 4,000 எழுத்துருக்களைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு விடையும் குறைந்தது 350 எழுத்துருக்கள் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மொத்தம் ஏறக்குறைய 600 சொற்கள்.

ஒரு மாணவர் ஐந்து இடங்கள் வரை விண்ணப்பிக்கலாம். ஆனால் ஐந்துக்கும் போவது ஒரே கட்டுரை. ஒரு பல்கலைக்கழகத்தில் குழந்தைகள் செவிலியமும் இன்னொன்றில் மனநலச் செவிலியமும் கேட்டால் கட்டுரை இரண்டிலும் வலுவிழக்கும். முதலில் துறையை முடிவு செய்துவிட்டு எழுதத் தொடங்குவது நல்லது.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து எதை எழுதுவது?

'எனக்கு எழுத ஒன்றும் இல்லை, நான் எந்த மருத்துவமனையிலும் பயிற்சி பெறவில்லை' என்பது கிராமப்புற மாணவர்கள் அடிக்கடி சொல்வது. மூன்றாவது கேள்வி மருத்துவமனைப் பயிற்சியை மட்டும் கேட்கவில்லை. ஒருவரைப் பராமரித்த அனுபவமும் அதற்கு விடையே.

கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி வட்டாரங்களிலிருந்து பல தொழிலாளர்கள் விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். அம்மா மலைக்குப் போனபின் படுக்கையில் இருக்கும் தாத்தாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிய பெண்ணிடம் எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. கேரள மருத்துவமனையில் மலையாளம் புரியாத அம்மாவுக்காக மருத்துவரிடம் பேசிய பிள்ளைக்கு, நோயாளிக்கும் மருத்துவத்துக்கும் நடுவில் மொழி எப்படிக் குறுக்கே நிற்கும் என்பது நேரடியாகத் தெரியும். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வந்த அப்பாவின் கண் எரிச்சலைப் பார்த்தவர், நோயைத் தடுப்பது பற்றி எழுதலாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தம் பார்ப்பவர்களைக் கவனித்ததும் அனுபவம்தான்.

மாறாக, தாம் காணாத பெரிய நிகழ்வைக் கடன் வாங்கக்கூடாது. 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீ உலகச் செய்தியானது. காயம்பட்டவர்களுக்கு உதவியவர் அதை எழுதலாம். தொலைக்காட்சியில் பார்த்தவர் எழுதினால், நேர்முகத்தில் வரும் முதல் கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

ஒரு பத்தி திருத்தப்படும் விதம்

வழக்கமாக எழுதப்படும் தொடக்கம் இது:

"சிறு வயதிலிருந்தே எனக்குச் சேவை மனப்பான்மை அதிகம். வெள்ளை உடை அணிந்த செவிலியர்களைப் பார்க்கும்போதெல்லாம் நானும் அப்படி ஆக வேண்டும் என்று நினைப்பேன். பிளாரன்ஸ் நைட்டிங்கேல்தான் என் முன்மாதிரி."

இதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் எழுதியவர் யார் என்பதும் இல்லை. கற்பனையான ஒரு மாணவியின் மாற்றுப் பத்தி:

"என் பாட்டிக்குச் சர்க்கரை நோய். தோட்டத்தில் காலில் பட்ட சிறு காயம் புண்ணானது. வலி தெரியாததால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கட்டுப்போட வந்த செவிலியர் நல்ல காலையும் செருப்பையும்கூடப் பார்த்தார். ஏன் என்று கேட்டேன். உணர்வு குறைந்த காலைத் தினமும் கண்ணால்தான் காக்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து இரவில் பாட்டியின் இரு பாதங்களையும் நான் பார்க்கிறேன். நோயாளி சொல்லாததையும் செவிலியர் தேட வேண்டும் என்பது அப்போது புரிந்தது."

இதில் கண்டது, கேட்டது, செய்தது, புரிந்தது என்ற நான்கும் வரிசையாக உள்ளன. இதே நிகழ்வு படிப்புக்கு ஏற்பத் திரும்பும். வயதுவந்தோர் செவிலியத்துக்கு நாட்பட்ட நோயும் புண் பராமரிப்பும் மையமாகும். சமூக நலச் செவிலிய முதுநிலைக்கு, தினக்கூலியை விட்டு மருத்துவமனைக்கு வர முடியாத தொழிலாளரிடம் சிகிச்சை எப்படிப் போய்ச் சேரும் என்பது மையமாகும். குழந்தைகள் செவிலியத்துக்கு இது பொருந்தாது. வேறு நிகழ்வு வேண்டும்.

ஆயத்தக் கட்டுரையின் ஆபத்து

விலைக்குக் கிடைக்கும் ஆயத்தக் கட்டுரைகளும், இணையத்தில் உள்ள மாதிரிகளும், செயற்கை நுண்ணறிவு எழுதித் தருபவையும் கவர்ச்சியானவை. யூகாஸ் ஒவ்வொரு கட்டுரையையும் பழைய கட்டுரைகளோடு கணினியில் ஒப்பிடுகிறது. அதிக ஒற்றுமை இருந்தால் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்கிறது. 2007-இல் வெளியான அதன் சோதனை முடிவு புகழ்பெற்றது. எட்டு வயதில் தம் பைஜாமாவில் தீப்பட்டு ஓட்டை விழுந்த கதையை 234 பேர் எழுதியிருந்தனர். அத்தனை பேரும் ஒரே மாதிரியைப் பார்த்து எழுதியவர்கள்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை

* முதல் வரைவைத் தமிழிலேயே எழுதலாம். நினைவுகள் தாய்மொழியில்தான் முழுமையாக வரும். பிறகு எளிய, குறுகிய ஆங்கில வாக்கியங்களில் எழுத வேண்டும்.
* நோயாளியின் பெயர், ஊர், அடையாளம் எதையும் எழுதக்கூடாது. இரகசியம் காப்பது செவிலியத்தின் முதல் ஒழுக்கங்களில் ஒன்று. அதை மீறும் கட்டுரை எழுதியவருக்கு எதிராகவே பேசும்.
* குடும்ப வறுமையை இரக்கம் தேட எழுதாமல், அதற்குள் தாம் செய்ததை எழுத வேண்டும்.
* உயிரியல் பாடத்தில் படித்த ஒன்றை வீட்டிலோ தெருவிலோ கண்டதோடு இணைத்தால் இரண்டாம் கேள்விக்கு நல்ல விடை கிடைக்கும்.
* பிரித்தானியச் செவிலியப் பட்டத்தில் ஏறக்குறைய பாதி நேரம் மருத்துவமனையிலும் சமூகத்திலும் செய்முறைப் பயிற்சி. இரவுப் பணி, களைப்பு, மரணம் ஆகியவற்றை அறிந்தே வருவதாகக் கட்டுரை காட்ட வேண்டும்.
* முடித்தபின் ஓர் ஆசிரியரிடம் படிக்கக் கொடுத்து, 'இதை நான்தான் எழுதினேன் என்று தெரிகிறதா?' என்று கேட்கலாம். வேறு யாருடைய பெயரைப் போட்டாலும் பொருந்தும் வரிகளை நீக்கிவிட வேண்டும்.