தோசைக்கல் காயும் செலவு

விடியற்காலை நாலரைக்கெல்லாம் சின்னம்மா தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிடுவார். முதல் கரண்டி மாவு கல்லில் விழுவதற்கு முன்பே பத்து நிமிடம் கேஸ் எரிந்திருக்கும். அன்றைக்கு நாலு பேர் பசியாற வந்தாலும் நாற்பது பேர் வந்தாலும் அந்தப் பத்து நிமிடச் செலவு மாறாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தோசைக்கும் மாவுக் கணக்கு தனி. ஆள் வராமல் கல் சும்மா காய்ந்துகொண்டிருக்கும் நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு.

டாக்சி மீட்டரும் இப்படித்தான் ஓடுகிறது. 2015 மார்ச்சில் கோலாலம்பூர் வட்டாரத்து பட்ஜெட் டாக்சிக்கு வைத்த விலையைப் பாருங்கள். முதல் ஒரு கிலோமீட்டருக்கு 3 வெள்ளி. அது கல் காய்கிற செலவு. அதன்பின் ஒவ்வொரு 200 மீட்டருக்கும் 25 சென், அது மாவு. சாலை நெரிசலில் வண்டி நின்றால் தூரத்துக்குப் பதிலாக நேரம் ஓடும்; அது ஆளில்லாமல் எரிகிற கேஸ். நெரிசல் இல்லாமல் ஆறு கிலோமீட்டர் போனால் 3 வெள்ளியோடு ஐந்து கிலோமீட்டருக்கு 6 வெள்ளி 25 சென் சேரும். மொத்தம் 9 வெள்ளி 25 சென். நள்ளிரவுக்கு மேல் பாதி கூடுதல்.

டாக்சிக் கட்டணம் மலாக்காவில் சமைக்கப்படுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. "டாக்சிக்காரன் இவ்வளவு கேட்கிறான், மஜ்லிஸ் என்ன செய்கிறது?" என்று ஜாசினிலும் மெர்லிமாவிலும் சொல்லக் கேட்டிருக்கிறேன். மஜ்லிஸால், அதாவது உள்ளூர் மன்றத்தால், அதில் ஒன்றும் செய்ய முடியாது. தீபகற்ப மலேசியாவில் டாக்சி உரிமமும் கட்டணமும் கூட்டரசின் கையில், 2010ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் இருக்கின்றன. முன்பு எல்பிகேபி என்ற வாரியம் பார்த்தது, பிறகு ஸ்பாட் ஆணையம், 2019 முதல் போக்குவரத்து அமைச்சின் கீழுள்ள அபாட். இங்கிலாந்தில் நிலைமை வேறு. லண்டனுக்கு வெளியே ஊர் மன்றமே டாக்சிக் கட்டணத்தை வைக்கலாம். உள்ளூர்ச் செய்தித்தாளில் அறிவித்து, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது 14 நாள் கொடுக்க வேண்டும் என்று 1976இல் வந்த சட்டம் சொல்கிறது. மலாக்காவில் மாநகராட்சியின் கை எட்டும் வண்டி பெச்சாதான். டச்சுச் சதுக்கத்தில் பூவும் பொம்மையும் ஒட்டிக்கொண்டு நிற்கும் பெச்சாக்களுக்கு உரிமம் தருவது அதுவே.

ஆகவே டாக்சியை விட்டுவிட்டுக் கடைக்கு வருவோம். நம்மவர்களின் பணம் அதிகம் போகும் இடம் அது.

மலாக்கா மாநிலத்தில் நான்கு சமையற்கட்டுகள் உண்டு: மலாக்கா வரலாற்று மாநகராட்சி, ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் ஆகிய நகராண்மைக் கழகங்கள். நான்கும் ஒரே சமையல் புத்தகத்தைப் பார்த்துத்தான் சமைக்கின்றன. 1976ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம், எண் 171. அதன் 102ஆம் பிரிவு, துணைச்சட்டம் எழுதும் அதிகாரத்தை மன்றத்துக்குத் தருகிறது. எழுதியவுடன் பரிமாற முடியாது. 103ஆம் பிரிவின்படி மாநில அரசு ருசி பார்த்து உறுதி செய்ய வேண்டும், பிறகு அரசிதழில் வர வேண்டும். அதுவரை அது அடுப்பில் இருக்கும் குழம்புதான். 107ஆம் பிரிவு கட்டணத்தைப் பற்றியது. உரிமத்துக்கும், கடையைச் சோதித்து மேற்பார்வை செய்வதற்கும் மன்றம் பணம் விதிக்கலாம். அதே பிரிவில்தான் கடைக்காரர் வயிற்றைக் கலக்கும் வாசகமும் இருக்கிறது: காரணம் சொல்லாமலே உரிமத்தை மறுக்கலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், அதற்கு இழப்பீடு கிடையாது.

புத்தகம் ஒன்றுதான் என்றாலும் கரண்டி வேறு. சின்னம்மாவின் தட்டில் விழும் தொகையைத் தீர்மானிப்பது துணைச்சட்டத்தோடு வரும் கட்டண அட்டவணை. மலாயில் ஜடுவல் என்பார்கள். பொதுவாக அது இரண்டு கேள்விகளைக் கேட்கும்: என்ன தொழில், எத்தனை சதுர மீட்டர்? சலூனுக்கு ஒரு விலை, சாப்பாட்டுக் கடைக்கு ஒரு விலை, டயர் கடைக்கு இன்னொன்று. அந்த விலையைப் பரப்பளவோடு பெருக்கினால் அடிப்படைத் தொகை வந்துவிடும்.

கடைப் பெயர்ப் பலகைக்குக் கட்டணம் தனி. பலகை எவ்வளவு பெரிது, விளக்கு போட்டதா என்பதை வைத்து அது ஏறும். பலகையில் மலாய் எழுத்து முதன்மையாக இருக்க வேண்டும், சொற்களை மொழிக் கழகமான டேவான் பஹாசா பார்த்து ஒப்ப வேண்டும். கடை முன் நடைபாதையான அஞ்சடியில் மேசை போட்டால் அதற்கும் அனுமதி வேண்டும். மாநகராட்சிக் கவுண்டருக்குப் போகும் முன் எஸ்எஸ்எம் எனும் நிறுவன ஆணையத்தில் பதிவு முடிந்திருக்க வேண்டும்: சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு பெயர் வைத்தால் 60. சாப்பாட்டுக் கடையென்றால் டைபாய்டு ஊசி, உணவு கையாளுவோர் பயிற்சி. எல்லாம் ஒரே அலுவலகம் கேட்பதுபோலத் தோன்றும். பணம் போகும் பானைகள் வேறு வேறு. குப்பை விஷயம் இன்னும் வேடிக்கை: திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த மாநிலங்களில் மலாக்காவும் ஒன்று. அன்றிலிருந்து லாரி அனுப்புவது மன்றமில்லை, கூட்டரசு ஒப்பந்தம் கொடுத்த நிறுவனம்.

சின்னம்மா புக்கிட் அசஹான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். புக்கிட் லிந்தாங்கில்தான் 1896இல் தான் சாய் யான் என்ற வணிகர் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை நட்டார். பிறகு அசஹானுக்கும் விரிவுபடுத்தினார். தோட்டத்தில் இருந்தவரை சின்னம்மாவுக்கு உரிமம் என்றால் என்னவென்றே தெரியாது. லயத்து வாசலில் ஆப்பம் சுட்டு விற்றார், கிராணி பார்த்துக்கொண்டு போவார், அவ்வளவுதான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. வேலை போயிற்று. டவுனுக்கு வந்து ஒரு பழைய கடைவீட்டை வாடகைக்கு எடுத்தார்.

முதல் இரண்டு ஆண்டும் சொன்ன தொகையைக் கட்டினார். கவுண்டரில் கேட்கத் தயக்கம். "அவங்க படிச்சவங்கப்பா, தப்பாவா போடுவாங்க?" என்பார். மூன்றாம் ஆண்டு ரசீதை நான் வாங்கிப் பார்த்தேன். முன்பிருந்த வாடகைக்காரர் மாடியிலும் கடை நடத்தியிருந்தார். அவர் போன பிறகும் அளவு திருத்தப்படவில்லை. ஆளில்லாத மாடிக்கும் சேர்த்து சின்னம்மா பணம் கட்டியிருக்கிறார். ஒரு பேச்சுக்கு, சதுர மீட்டருக்கு 2 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே 60, மேலே 60 என்றால் 120 வெள்ளிக்குப் பதில் 240. எந்த மன்றம் என்று சொல்வது இங்கே முக்கியமில்லை. எழுதிக் கேட்டோம், ஒருவர் வந்து நாடாவைப் பிடித்து அளந்தார், அடுத்த ரசீது குறைந்தது.

நான் அன்று கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஜடுவலைக் காட்டுங்கள்." அரசிதழில் வந்த அட்டவணை ரகசியமில்லை. எந்த வகையில் நம் கடையை எழுதியிருக்கிறார்கள், எத்தனை மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க நமக்கு உரிமை இருக்கிறது. ஓரத்தில் நாலு மேசை போட்ட தோசைக் கடையை ஏர்கண்டிஷன் உணவகமாக எழுதினால் கரண்டியே மாறிவிடும்.

கட்டணம், வரி என்ற இரண்டும் வேறு என்பதை அறிந்தவர் குறைவு. இந்தியாவில் 1954இல் ஷிரூர் மடம் வழக்கில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. மதராஸ் அறநிலையச் சட்டம் மடங்களிடம் கேட்ட பங்குப்பணம், செய்த சேவையின் செலவோடு தொடர்பில்லாததால் அது கட்டணமல்ல, வரியே என்றார்கள் நீதிபதிகள். அந்தத் தீர்ப்பு மலேசியாவைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் கேள்வி இங்கேயும் பொருந்தும். சோதனைக்கென்று பணம் வாங்கினால், ஆண்டில் எத்தனை முறை சோதித்தீர்கள்? நான் விடாமல் கேட்கும் கேள்வி இது.

கேட்பது யாரிடம் என்பதில்தான் சிக்கல். 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. பிறகு அமைந்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் மறுபடி நடக்க வேண்டும் என்றது அவரது அறிக்கை. அரசு ஏற்கவில்லை. 1976 உள்ளூராட்சிச் சட்டம் கதவை முழுவதும் மூடிவிட்டது. இன்று எட்டு முதல் 24 வரையிலான கவுன்சிலர்களை மாநில அரசே நியமிக்கிறது. குழம்பில் உப்பு கூடினால் சமையற்காரரை மாற்றும் வாக்கு நம்மிடம் இல்லை. மாநில அரசைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு மட்டும் இருக்கிறது. அட்டவணையை உறுதி செய்வது அந்த மாநில அரசு என்பதால், சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குக் கடைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து போவதில் பலன் உண்டு. தனியாகப் போனால் ஆறுதல் சொல்லி அனுப்புவார்கள். சங்கமாகப் போனால் கடிதம் எழுதுவார்கள். நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை அடிவாரத்தில் சின்னம்மா கடை போடுவதுண்டு. அதற்குத் தற்காலிக உரிமம். அளவு சதுர மீட்டரில் இல்லை, இடத்துக்கும் நாளுக்குமாகக் கணக்கு. சின்னம்மா இப்போது கவுண்டரில் தயங்குவதில்லை. விண்ணப்பத்தை நீட்டுவதற்கு முன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "ஜடுவல் இருக்கா, நோனா?" என்று கேட்கிறார். டவுன் கடையில் சுவரில் மாட்டிய உரிமச் சட்டகத்துக்குப் பின்னால் அட்டவணையின் நகல் ஒன்று மடித்துச் செருகியிருக்கிறது. அஞ்சடி மேசைகள் வரும் பக்கத்தில் சிவப்பு மசியால் கோடு போட்டிருக்கிறார்.