வரிசை எங்கே போய் நிற்கிறது? திருப்பதி தரும் நிர்வாகக் கணக்கு

பெங்களூரிலிருந்து கோலார், முள்பாகல் தாண்டி வரும் நெடுஞ்சாலையில், சித்தூருக்கு முன்னால் இருக்கிறது பலமனேர். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை வட ஆர்க்காட்டோடு இருந்த ஊர். தெலுங்கும் தமிழும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி புழங்கும் ஊர். புரட்டாசி வந்தால் இந்தச் சாலையில் ஓடும் வண்டிகளில் பாதி திருப்பதிக்குத்தான் போகிறதோ என்று தோன்றும். அந்த வண்டிகளில் போகிறவர்களை அங்கே ஒரு நிறுவனம் எப்படிச் சமாளிக்கிறது என்பது, மேலாண்மை படிக்கும் நம் பிள்ளைகள் எந்த அமெரிக்கக் கம்பெனியின் கதையை விடவும் முதலில் படிக்க வேண்டிய பாடம் என்பது என் எண்ணம்.

90 ஆண்டு காலம் ஹாத்திராம்ஜி மடத்தின் பொறுப்பில் இருந்த கோயில், 1933-ல் தேவஸ்தான நிர்வாகத்தின் கீழ் வந்தது. அன்றைக்கு மலைக்கு நடந்துதான் போகணும், இல்லாவிட்டால் டோலி. 1944-ல் மலைப்பாதை போட்டார்கள், பஸ் ஏறியது. அப்புறம் ஊரெல்லாம் ரோடு, கையில் கொஞ்சம் காசு, வீட்டுக்கு வீடு போன். வெளியே சமுதாயம் இப்படி மாறிக்கொண்டே போக, உள்ளே மாறாத ஒன்று உண்டு: கருவறை. அதை அகலப்படுத்த முடியாது, இன்னொரு கிளை திறக்கவும் முடியாது. ஒரு வியாபாரி தேவை கூடினால் உற்பத்தியைக் கூட்டுவார், அல்லது விலையை ஏற்றுவார். இங்கே முதலாவது நடக்காது. இரண்டாவது எல்லோருக்கும் பொதுவான தரிசனத்தில் நடக்கக் கூடாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சாதாரண நாளில் அறுபதாயிரத்திலிருந்து எண்பதாயிரம் பேர் தரிசனம் செய்கிறார்கள். எழுபதாயிரம் பேர், இருபது மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 3,500 பேர். கிட்டத்தட்ட நொடிக்கு ஒருவர். ‘ஜருகண்டி, ஜருகண்டி’ என்று விரட்டுகிறார்களே என்று நாம் குறைப்படுகிறோம். அந்தக் குரலுக்குப் பின்னால் இருப்பது இந்த வகுத்தல்தான். காத்திருப்பு நேரம் என்பது உள்ளே நிற்பவர்களின் எண்ணிக்கையை, மணிக்கு வெளியேறுபவர்களால் வகுத்தது. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்துக் கொடுத்த விதி இது. வைகுண்டம் வளாகத்தின் அறைகளில் 21,000 பேர் இருந்தால், கடைசி ஆளுக்கு ஆறு மணி நேரம். எத்தனை அதிகாரிகளை மாற்றினாலும் இந்த ஆறு ஐந்தாகாது.

சரி, ஆறு மணி நேரம் கூண்டுக்குள் உட்கார வைப்பானேன்? நேரம் போட்டு ஒரு டோக்கன் கொடுத்துவிட்டால், அந்த நேரத்துக்கு வந்தால் போதுமே! நல்ல யோசனைதான். 2018 வாக்கில் இலவச தரிசனத்துக்கும் நேரம் குறித்த டோக்கன் வந்தது. கைக்குழந்தைக்காரிக்கும் வயசானவர்களுக்கும் அது பெரிய ஆறுதல். ஆனால் வரிசை கரைந்து போய்விடவில்லை. மலைமேல் இருந்த வரிசை, மலையடிவாரத்தில் டோக்கன் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றது.

அங்கே வந்து நின்றபோது அதன் குணமே மாறிப்போனது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மலைமேல் வரிசையில் நிற்பவருக்கு ஒரு உறுதி இருக்கிறது: நேரமானாலும் சாமியைப் பார்த்துவிடுவோம். அதனால் இடிக்க வேண்டிய அவசியம் குறைவு. பால், சாப்பாடு கொடுத்தால் பொறுமையாக உட்கார்ந்திருப்பார். டோக்கன் வரிசையில் அந்த உறுதி கிடையாது. எனக்கு முன்னால் தீர்ந்துபோனால் எனக்கு ஒன்றுமே இல்லை. முந்தினவருக்கு எல்லாம், பிந்தினவருக்குப் பூஜ்யம். அப்படி ஒரு விதியை வைத்துவிட்டு, ‘ஒழுங்காக நில்லுங்கள்’ என்றால் எப்படி நிற்பார்கள்?

2022 ஏப்ரல் 12 அன்று, சில நாள் நிறுத்தியிருந்த டோக்கனை மறுபடி கொடுக்கத் தொடங்கியபோது கவுண்டர்களில் நெரிசலாகிச் சிலர் காயம்பட்டார்கள். தேவஸ்தானம் உடனே டோக்கனை விட்டுவிட்டு, எல்லோரையும் நேரே மலைக்கு அனுப்பியது. அதாவது பழைய நீண்ட வரிசையே அன்றைக்குப் பாதுகாப்பாக இருந்தது.

2025 ஜனவரி 8 இதைவிடக் கொடுமை. சொர்க்கவாசல் முன்பு இரண்டு நாள்தான் திறந்திருக்கும். 2020 டிசம்பரிலிருந்து பத்து நாள் ஆக்கினார்கள், கூட்டம் பரவட்டும் என்று. நாள் பரவியது, ஆனால் டோக்கன் கொடுக்கிற நேரம் ஒரே புள்ளியில் குவிந்தது. முதல் மூன்று நாளுக்கு 1,20,000 டோக்கன். மறுநாள் விடிகாலை 5 மணிக்கு வழங்குவதாக அறிவிப்பு. முந்தின நாள் மாலையே ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்துவிட்டார்கள். பைராகிப்பட்டடை மையத்தில் கதவு திறந்தபோது நெரிசலில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. கதவு திறந்தது உடம்பு சரியில்லாத ஒரு பெண்ணை வெளியே விட என்றும், ஜனங்கள் டோக்கன் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்து முண்டியதாகவும் செய்திகள் வந்தன. காவல் எவ்வளவு, தடுப்பு எப்படி என்ற கேள்விகள் தனி. அவற்றுக்கும் முன்னால், அத்தனை பேரை அந்த மாலையிலேயே அங்கே கொண்டுவந்து சேர்த்தது ‘முந்தினவருக்கே’ என்ற அந்த விதி.

நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். 300 ரூபாய் டிக்கெட் மாதக்கணக்கில் முன்னதாகவே இணையத்தில் திறக்கிறது. அதை இங்கிருந்து நாம் நாலு கிளிக்கில் பிடித்துவிடுகிறோம். அதுவும் முந்தினவருக்கே என்கிற பந்தயம்தான். வேகமான இணைப்பும் கார்டும் இருப்பவர் ஜெயிக்கிற பந்தயம். யாரும் மிதிபடாத வரிசை என்பதால் அது நம் கண்ணுக்கு வரிசையாகத் தெரிவதில்லை. பலமனேர் சந்தைக்குத் தக்காளி ஏற்றுகிற ஆளுக்கு இந்தப் பந்தயத்தில் இடமில்லை. அவருக்கு மிஞ்சுவது டோக்கன் கவுண்டர்.

அடுத்த முறை நிர்வாகம் விதியையே மாற்றியது. 2025 டிசம்பர் 30-ல் தொடங்கிய சொர்க்கவாசல் தரிசனத்தின் முதல் மூன்று நாளுக்கு, பல நாள் பதிவு வாங்கி, மின்னணுக் குலுக்கலில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் நிமிஷம் பதிந்தவருக்கும் கடைசி நாள் பதிந்தவருக்கும் ஒரே வாய்ப்பு. ஓடிப்போய் முந்துவதில் லாபமில்லை. மீதி ஏழு நாளும் டோக்கனே வேண்டாம், நேரே மலைக்குப் போய் நிற்கலாம் என்று விட்டார்கள். குலுக்கலுக்கும் ஒரு போன் வேண்டும், பதிந்து கொடுக்க ஒரு பிள்ளையோ தெருமுனை இன்டர்நெட் கடையோ வேண்டும். அது இல்லாதவருக்கு அந்த ஏழு நாள் இருந்தது.