மலிவுச் சட்டையின் விலை

இரண்டு முறை உடுத்தியதும் புதுச் சட்டை சலித்துவிடுகிறது. கிழியவில்லை, சாயம் போகவில்லை. புகைப்படத்தில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். மலிவாக வாங்கியதுதானே என்று ஒதுக்கிவிடுகிறோம். அது ஏன் அவ்வளவு மலிவு?

வங்கதேசத்தில், டாக்காவுக்கு அருகே சவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. 2013 ஏப்ரல் 23 அன்று அதில் விரிசல் கண்டது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்மாடிகளில் மேலைநாட்டுக் கடைகளுக்கு ஆடை தைத்தவர்களோ மறுநாள் காலை வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். போகாவிட்டால் சம்பளம் போய்விடும் என்ற அச்சம் அவர்களுக்கு. கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வங்கி ஊழியரின் உயிருக்கு இருந்த மதிப்பு, தையல் இயந்திரத்தில் அமர்ந்த பெண்ணின் உயிருக்கு இல்லாமல் போயிற்று.

ஒரு வாரம் கழித்து மே 1, தொழிலாளரான புனித யோசேப்பின் விழா. அன்று காலைத் திருப்பலியில் திருத்தந்தை பிரான்சிஸ், இறந்தவர்களின் மாதச் சம்பளம் 38 யூரோ என்பதைச் சுட்டிக்காட்டி, இது அடிமை வேலை என்றார். நியாயமான கூலியைப் பற்றித் திருத்தந்தை 13ஆம் லியோ 1891இலேயே சுற்றுமடல் எழுதியிருக்கிறார். நமக்கு இது புதுப் பாடமல்ல.

பொருளைக் குப்பையாக்கும் வழக்கமே மனிதரையும் ஒதுக்கித் தள்ளுகிறது என்று 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதினார். திருவிழாவுக்குப் புதுத்துணி எடுப்பதை நான் குறை சொல்லவில்லை, பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். ஆனால் கிழிசலைத் தைத்துத் தரும் தெருமுனைத் தையற்காரரிடமும் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோமே!