மறைவிற் கசியும் நீர்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த நகர்ப்பகுதிக்குக் குழாய்வழி வரும் நீர் பெரும்பாலும் கந்தளாய்க் குளத்து நீராகும். குளக்கோட்டு மன்னன் கட்டியதென மரபு பேசும் அக்குளம் நகரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. சுத்திகரிக்கப்பட்டு அத்துணைத் தூரம் வந்த நீர், வீட்டு வாயிலைக் கடந்தபின் எவர் கண்ணிலும் படாது மண்ணுள் மறைவதுண்டு. களிமண் நிலமாயின் கசிவு மேலெழுந்து சேறாகித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கரையோர மணலோ நீரை உடனே உள்வாங்கிவிடும். நீர்க் கட்டணப் பட்டியல் வந்த பின்னரே வீட்டாருக்கு ஐயம் பிறக்கும்.

பணநட்டம் இதிற் சிறியதே, பெருங்கேடு பிறிதொன்று. குழாயில் அழுத்தம் உள்ளவரை நீர் துவாரத்தின் வழியே வெளியேறும். நீர் வழங்கல் நிறுத்தப்படும் வேளையில் குழாயினுள் அழுத்தம் குன்ற, சூழவுள்ள ஈரம் அதே துவாரத்தால் உட்புகும். அருகே மலக்குழி இருப்பின் உட்புகுவது யாதென விளக்க வேண்டுவதில்லை. மாரிகாலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்து மலக்குழியையும் குழாயையும் ஒருங்கே நனைக்கும்போது இவ்வபாயம் மிகும். அன்றியும், ஒழுகும் நீர் மணலை அரித்துச் செல்வதால் தளம் இறங்கிச் சுவர் வெடித்தலும் உண்டு.

கசிவு உண்டோ என அறிதற்கு நீர்மானியே போதிய கருவி. அதன் ஓரலகு 1000 லீற்றராகும். இரவு யாவருந் துயிலப் போகுமுன் மேல்தாங்கியை நிரப்பி, அதன் மிதவையை உயர்த்திக் கட்டி, குழாய் வாய்களை எல்லாம் மூடி, மானியின் எண்களைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். தாங்கியின் நீர்மட்டத்தையும் அடையாளமிடல் வேண்டும். விடியலில் மானி நகர்ந்திருப்பின், கசிவு மானியோடு நேரே இணைந்த குழாயிலுள்ளது. மானி நகராது நீர்மட்டம் மட்டும் தாழ்ந்திருப்பின், பழுது தாங்கியிலோ அதிலிருந்து இறங்கும் குழாய்களிலோ உள்ளதென்க. இவ்விரண்டையும் பிரித்தறியாது முற்றத்தை எல்லாம் தோண்டிப் பார்ப்போர் பலர்.

தோண்டுமுன் மலசலகூடத்து நீர்த்தொட்டியைச் சோதித்தல் நன்று. அதனுள் சிறிது நிறத்தூளைக் கரைத்து அரைமணி நேரம் நீர் பாய்ச்சாது விட்டபின், கீழுள்ள பீங்கானில் நிறந் தோன்றுமேல் தொட்டியின் அடைப்பு தேய்ந்துவிட்டது.

நிலத்தடிக் கசிவுக்குக் குறிகள் சில உள. கச்சான் வீசிப் புல்லெல்லாங் கருகிய நாளிற் குழாய் செல்லும் வழியில் ஒரு துண்டு மட்டும் பசுமையாயிருத்தல் நல்ல சான்று. சுவரிற் பூக்கும் வெள்ளுப்பு அத்துணை நம்பத்தக்கதன்று. கடற்காற்றுப் படும் சுவர்களில் அது கசிவின்றியும் பூக்கும். நள்ளிரவில் மரக்கோலொன்றின் ஒரு முனையைக் குழாயில் ஊன்றி மறுமுனையிற் காதை வைத்தால் சீறலோசை கேட்கும். ஓசை வலுக்குமிடம் துவாரத்துக்கு அண்மையாம். கடலடுத்த வீடுகளில் அலையோசை இதற்குச் சற்றே இடையூறு.

ஈரச்சுவருக்குச் சீமெந்து பூசுவது திருத்தமன்று, மறைத்தலே. துருவேறிய இரும்புக் குழாயில் இறப்பர் சுற்றி இறுக்குவதும் சிலநாட் காவலே. பழுதுற்ற துண்டை வெட்டி நீக்கிப் புதியது இடல் வேண்டும். பி.வி.சி. குழாயாயின் இணைக்கும் முனைகளைத் துடைத்து உலர்த்தி, பசையிட்டு, அது இறுகும்வரை நீர் விடலாகாது. பின்னர் முதலில் வரும் நீரைப் பருகாது வழியவிட்டு, மேலும் ஓரிரவு மானியை நோக்கி, அது அசையாமை கண்டபின் குழியை மூடலாம்.